ஐந்து பேர் போய் ஆறு பேருக்குக் கட்ட வேண்டாம்

கேள்வி: எங்களுக்கு மூன்று குழந்தைகள். மூத்தவளுக்குப் போன மாதம்தான் 8 முடிந்தது. அடுத்தவனுக்கு 6, கடைக்குட்டிக்கு இரண்டரை. கணவருக்கு மாதச் சம்பளம். நான் வீட்டிலேயே தையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். அந்த வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வீட்டுக் கடன் தவணை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பிள்ளைகளை ஒரு பெரிய தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. இரண்டு முறை பணம் சேர்த்தோம். ஒரு முறை மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் போனது. இன்னொரு முறை வாஷிங் மெஷின் பழுதாகி அதில் போனது. "என் வகுப்பில் எல்லோரும் போயிட்டு வந்துட்டாங்கம்மா" என்று மூத்தவள் சொல்லும்போது மனசு கேட்கவில்லை. கடைக்குட்டிக்கு 3 வயது முடிந்துவிட்டால் அவனுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். அதற்குள் கிரெடிட் கார்டில் தவணை போட்டுப் போய் வந்துவிடலாம் என்கிறார் கணவர். மகனுக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். ஆனால் வயதுக்கு உயரம் கொஞ்சம் குறைவு, 110 செ.மீ.தான். எனக்குச் சேமிக்கத் தெரியவில்லையா? என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சேமிக்கத் தெரியும். கடன் தவணையும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் இரண்டு முறை சேர்த்துக் காட்டியிருக்கிறீர்கள். அந்தப் பணம் நகையிலோ துணியிலோ போகவில்லை. ஆஸ்பத்திரியிலும் வாஷிங் மெஷினிலும் போனது. குடும்ப வரவு செலவு பார்த்து ஆலோசனை சொல்வதே என் வேலை என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: நீங்கள் சேர்த்தது சுற்றுலாப் பணம் என்று நீங்கள் நினைத்தீர்கள். ஆனால் வீட்டில் வேறு சேமிப்பே இல்லாததால் அதுதான் உங்கள் அவசரப் பணமாகவும் இருந்தது. ஒரே குடத்தில் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் வைத்தால் எந்தத் தேவை முதலில் வருகிறதோ அது குடத்தைக் காலி செய்துவிடும். மூன்றாவது முறையும் இதே மாதிரி சேர்த்தால் மூன்றாவது முறையும் ஏதாவது ஒன்று வந்து எடுத்துக்கொண்டு போகும்.

அதனால் இந்த முறை இரண்டு குடம். முதல் இரண்டு மாதம் தீம் பார்க்கை மறந்துவிடுங்கள். ஒதுக்க முடிகிற பணம் முழுவதும் அவசரக் கணக்குக்குப் போகட்டும். அதற்குப் பிறகு, ஒதுக்குகிற ஒவ்வொரு முறையும் மூன்றில் இரண்டு பங்கு பயணத்துக்கு, ஒரு பங்கு அவசரத்துக்கு. அவசரக் கணக்கில் ஒரு மாத வீட்டுச் செலவு சேரும்வரை இந்தப் பிரிவு தொடரட்டும். இரண்டும் வேறு வேறு கணக்கில் இருப்பது முக்கியம். ஒரே கணக்கில் வைத்து, மனதுக்குள் "இவ்வளவு அதுக்கு, இவ்வளவு இதுக்கு" என்று பிரித்து வைப்பது பலருக்கும் நிற்பதில்லை. பயணக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள். உங்கள் கணவரின் செல்போனில் இருக்கும் பணம் அனுப்பும் ஆப்பிலும் அதை இணைக்காதீர்கள். எடுப்பதற்கு வங்கிக்கு நடக்க வேண்டும் என்ற ஒரு சின்னச் சிரமமே பாதிப் பணத்தைக் காப்பாற்றும்.

சரி, கிரெடிட் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு டிக்கெட்டை மிச்சப்படுத்தப் பார்க்கிறார், அது நியாயமான யோசனைதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பயணத்தின் மொத்தச் செலவை 100 என்று வையுங்கள். கார்டுக் கடனுக்கு மாதம் 3 விழுக்காடு வட்டி என்றால், 12 மாதத் தவணையில் அந்த 100-க்கு நீங்கள் கட்டி முடிப்பது ஏறக்குறைய 120. அதாவது ஐந்து பேர் போய்விட்டு ஆறு பேருக்குப் பணம் கட்டுகிறீர்கள். இப்போது அந்த மிச்சத்தைப் பாருங்கள். 100-இல் பாதி டிக்கெட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், நான்கு டிக்கெட்டுக்கு 50. அப்படியானால் ஒரு குழந்தை டிக்கெட் 13-ஐத் தாண்டாது. அந்த 13-ஐ மிச்சப்படுத்த 20 வட்டி கட்டப்போகிறீர்கள். கார்டின் வட்டி இதைவிடக் குறைவாக இருந்தால் வித்தியாசமும் குறையும். ஆனால் வட்டி இல்லாத தவணை என்று விளம்பரம் வந்தால் செயல்பாட்டுக் கட்டணம், வரி, ஒரு தவணை தவறினால் என்ன வட்டி என்பதை எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது கணக்கில் வராது. பயணம் முடிந்து வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு மாதம் தவணை போய்க்கொண்டே இருந்தால், பிள்ளைகள் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஞாபகம் வருவது பில் தேதிதான். அந்த நிலையில் என் முன்னால் உட்கார்ந்து அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்கு வர வேண்டாம்.

காத்திருப்பதில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு லாபமும் இருக்கிறது. தீம் பார்க்குகளில் ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு, அதில் பேரமே கிடையாது. பல பூங்காக்களில் இந்த அளவுகள் 102, 112, 122 செ.மீ. என்று படிப்படியாக வரும். இவை 40, 44, 48 அங்குலத்தைச் செ.மீ. ஆக்கியவை. ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டருக்கு 112 செ.மீ. வேண்டும். உங்கள் மகன் இப்போது 110. இன்றைக்குக் கடன் வாங்கிக் கூட்டிப்போனால், இரண்டு செ.மீ. வித்தியாசத்தில் அவன் அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்று அக்கா மட்டும் உள்ளே போவதைப் பார்ப்பான். முழு விலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, வாசலிலேயே ஒரு பிள்ளை தேம்பி அழுவதைப் பார்ப்பது எந்த அம்மாவுக்கும் தாங்காது. அந்த வயதில் பிள்ளைகள் பொதுவாக வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். பதினோரு மாதம் கழித்துப் போனால் 112-ஐத் தாண்டியிருப்பான். 122 கேட்கும் ரைடு அப்போதும் கிடைக்காது. அதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, "இந்தக் கோடு தாண்டினால் இந்த ரைடு" என்று அவனுக்கே காட்டுங்கள். பூங்காவின் இணையதளத்தில் எல்லா ரைடின் உயர அளவும் இருக்கும்.

வயது வரம்பையும் அங்கேயே பாருங்கள், ஏனென்றால் அது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 3 வயதுக்குக் கீழே இலவசம், 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனால் பெரியவர் கட்டணம். ஜெர்மனியின் யூரோபா பார்க்கில் 4 வயது நிறைகிற வரை இலவசம். இன்னும் சில இடங்களில் வயதே கேட்க மாட்டார்கள், உயரத்தைப் பார்த்துத்தான் கட்டணம். 10-இல் பெரியவர் கட்டணம் தொடங்குகிற இடமாக இருந்தால் உங்கள் மூத்தவளுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கிட்ட அவகாசம் இருக்கிறது. ஆக உங்களை உண்மையில் விரட்டுவது கடைக்குட்டியின் பிறந்தநாள் ஒன்றுதான். அது எவ்வளவு பெறும் என்று மேலே பார்த்துவிட்டோம்.

அப்புறம், மொத்தச் செலவு எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது. இங்கேதான் அதிகக் குடும்பங்கள் தவறுகின்றன. டிக்கெட் விலையைப் பார்த்துச் சேமிக்கிறார்கள், டிக்கெட் அல்லாத மற்றச் செலவுக்கு அங்கே போய்க் கடன்படுகிறார்கள். ஒரு தம்பதி தீம் பார்க் போய் வந்த பிறகு மாதச் செலவு எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் என்னிடம் வந்தார்கள். அந்த அம்மா எல்லா ரசீதையும் ஒரு கவரில் பத்திரமாக வைத்திருந்தார். மேசையில் கொட்டி வகை பிரித்தோம். வண்டி நிறுத்தக் கட்டணம். லாக்கர், அதுவும் இரண்டு முறை, காலையில் ஒன்று, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதியம் இன்னொன்று. தண்ணீர் ரைடில் நனைந்த பிள்ளைக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு துண்டு. சறுக்கி இறங்கும்போது எடுத்த போட்டோ இரண்டு பிரதி. மழைக்கோட்டு ஐந்து, மழை கால் மணி நேரம்தான் பெய்ததாம். தண்ணீர் பாட்டில் ரசீது மட்டும் ஒன்பது. எல்லாவற்றையும் கூட்டினால் டிக்கெட்டுக்குக் கொடுத்த அளவே மறுபடியும் வந்திருந்தது. இதில் அநாவசியம் என்று அவர் மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நனைந்த பிள்ளைக்குத் துணி வாங்காமல் என்ன செய்வார்? வீட்டிலிருந்து ஒரு மாற்றுடையும் ஒரு துண்டும் எடுத்துப்போக வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு தாளை எடுத்து, வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து திரும்பி வந்து திறப்பதுவரை அந்த நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். எதில் போவீர்கள், எங்கே இறங்குவீர்கள், பை எங்கே வைப்பீர்கள், காலைச் சாப்பாடு எங்கே, இரவு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், அந்த நேரத்தில் பஸ் இருக்குமா, தங்க வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொகையை எழுதுங்கள். கூட்டியபின் பத்தில் ஒரு பங்கு மேலே சேருங்கள். வருகிற எண் உங்களால் சேமிக்க முடிகிற தொகைக்கு எட்டாமல் இருந்தால் பயணத்தைச் சுருக்குங்கள், சேமிக்கிற வாரங்களைக் கூட்டுங்கள். கடனை மட்டும் சேர்க்காதீர்கள். சுருக்குவது என்றால் முதலில் இரண்டு நாளை ஒரு நாளாக்குவதுதான். 8, 6, 3 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு நாளே அதிகம். இரண்டாம் நாள் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள்.

எந்தப் பூங்கா என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் டிக்கெட் எப்படி விற்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், தேர்ந்தெடுக்க உதவும். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது உள்ளே போக ஒரு கட்டணம், ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் கட்டணம். அந்த வருடமே ஏ, பி, சி என்று வகை பிரித்த கூப்பன் புத்தகம் வந்தது. இருப்பதிலேயே பெரிய ரைடுகளுக்கான ஈ கூப்பன் 1959-இல் சேர்ந்தது. 1982-இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. 1961-இல் டெக்சாஸில் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா ஒரே கட்டணத்தில் எல்லா ரைடும் என்று தொடங்கியது. இன்றைக்குப் பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் இந்த வழிதான். ஆனால் பழைய வழியும் சாகவில்லை. பென்சில்வேனியாவில் 1926-இல் தொடங்கிய நோபெல்ஸ் பூங்காவில் நுழைவும் வண்டி நிறுத்தமும் இன்றும் இலவசம், ஏறுகிற ரைடுக்கு மட்டும் பணம். கோபன்ஹேகனில் 1843 முதல் இருக்கும் டிவோலியில் நுழைவுக் கட்டணம் தனி, ரைடு தனி. உங்கள் குடும்பத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், உங்களில் ஒருவர் கடைக்குட்டியோடுதான் நாள் முழுக்க இருக்கப்போகிறார். ஐந்து பேரும் எல்லா ரைடிலும் ஏறப்போவதில்லை. நீங்கள் போகக்கூடிய தூரத்தில் ரைடுக்குப் பணம் வாங்குகிற பூங்கா ஒன்று இருந்தால், பெரியவள் எட்டு ரைடு, மகன் ஆறு, கடைக்குட்டி மூன்று, நீங்களும் கணவரும் ஆளுக்கு இரண்டு என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். முழு டிக்கெட்டில் பாதிக்கே முடிந்துவிடலாம். பெரிய பூங்கா பெயருக்காக மட்டும் போக வேண்டியதில்லை.

ஒரே கட்டணப் பூங்காவாக இருந்தால் விலையைத் தீர்மானிப்பது தேதி. டிஸ்னி 2016-இல் கூட்டத்துக்கு ஏற்ப நாளுக்கு நாள் விலை மாறும் முறையை அமெரிக்காவில் கொண்டுவந்தது. இப்போது பல பூங்காக்களில் அதே முறைதான். பள்ளி திறந்த பிறகு வருகிற செவ்வாய், புதன் மலிவு. நீண்ட விடுமுறையின் நடு வாரம் எட்டாத விலை. பூங்காவின் காலண்டரை எடுத்து, நீங்கள் போக நினைக்கும் மாதத்தில் குறைந்த விலை நாட்களை வட்டமிடுங்கள். உடனே வாங்கிவிடாதீர்கள். மலிவான நாட்களில் இரண்டு சிக்கல் உண்டு. பூங்கா சீக்கிரம் மூடும். பராமரிப்புக்காகப் பெரிய ரைடுகளை அந்தச் சமயத்தில்தான் நிறுத்துவார்கள். உங்கள் மகன் பத்து மாதம் உயரம் அளந்து காத்திருந்த ரைடு அன்றைக்கு மூடியிருந்தால் அந்த மலிவு உங்களுக்கு மலிவே இல்லை. மூடும் ரைடுகளின் பட்டியலை இணையதளத்தில் பார்த்துவிட்டு அல்லது போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இணையத்தில் முன்கூட்டி எடுப்பது பல இடங்களில் வாசலில் எடுப்பதைவிடக் குறைவு. மூன்று சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும். தேதி மாற்றலாம் என்கிற டிக்கெட்டுக்குச் சிறிது கூடுதல் கேட்டாலும் அதை எடுங்கள். யாரோ பாதி பயன்படுத்திய டிக்கெட்டை மலிவாக விற்பதாகச் சொன்னால் வேண்டாம். அவற்றைப் பெரும்பாலும் வேறு பெயருக்கு மாற்ற முடியாது. வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் கணவரின் அலுவலகத்தில் ஊழியர் சங்கம் இருந்தால் குழுத் தள்ளுபடி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்காததாலேயே நிறையப் பேருக்குக் கிடைப்பதில்லை. வருட பாஸ் பற்றி யோசிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து வருடத்துக்கு மூன்று முறையாவது போகிறவர்களுக்குத்தான் அது.

இனி வாரச் சேமிப்பு. முதல் இரண்டு மாதம் அவசரக் கணக்கு என்று சொன்னேன். அதற்குப் பிறகு 40 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையை 40-ஆல் வகுத்தால் பயணத்துக்கான வாரத் தொகை; அவசரப் பங்கு தனி. கணவரின் சம்பளத்திலிருந்து நான்கு வாரத் தொகை, சம்பளம் வந்த அன்றைக்கே தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று வைத்தால் மிஞ்சாது. உங்கள் தையல் வருமானம் வேறு மாதிரி. ஆர்டர் வராத மாதத்தில் கட்டாயத் தொகை வைத்தால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அதனால் மாதத்துக்கு இவ்வளவு என்று வைக்காமல், ஒவ்வொரு ஆர்டருக்கும் இவ்வளவு என்று வையுங்கள். பணம் கைக்கு வந்ததும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். வராத மாதம் ஒன்றும் இல்லை, அதற்காக வருந்த வேண்டாம். நல்ல மாதம் நான்கு மாதத்தைத் தூக்கிவிடும்.

வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் பணம் இருக்கிறது. கடைக்குட்டி வளர்ந்துவிட்டான், இனி வீட்டில் குழந்தைக் கட்டில், நடைவண்டி, குழந்தையை உட்கார வைத்து ஊட்டும் நாற்காலி எல்லாம் வேண்டாம். விற்றுவிடுங்கள். குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலரை மட்டும் விற்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை பூங்காவில் மதியத்துக்கு மேல் நடக்காது, உள்ளே வாடகைக்கு எடுத்தால் கூடுதல் செலவு, எடுக்காவிட்டால் கணவரின் தோள்தான். உங்கள் ஸ்ட்ரோலரின் கூடையிலேயே மாற்றுடை, துண்டு, மழைக்கோட்டு, தண்ணீர் எல்லாம் போய்விடும், லாக்கரும் வேண்டாம்.

சாப்பாடு பற்றி. வெளி உணவை விடுவார்களா என்பது பூங்காவுக்குப் பூங்கா வேறுபடும். அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல் சாப்பாடு கொண்டுபோகலாம். உணவுக் கவுன்டர்களில் கேட்டால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள். இண்டியானாவின் ஹாலிடே வேர்ல்டு 2000-ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானத்துக்கே காசு வாங்குவதில்லை. டோக்கியோ டிஸ்னியில் வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக உள்ளே அனுமதிப்பதில்லை. நீங்கள் போகும் இடத்தில் அனுமதி இருந்தால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள், அதில் கூச்சம் வேண்டாம். இல்லை என்றால் காலையில் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுப் போய், மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளி ஒரே வேளையாக உள்ளே வாங்குங்கள். காலிப் பாட்டிலைக் கொண்டுபோனால் குடிதண்ணீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். அந்த ஒன்பது ரசீதும் மிச்சம்.

வரிசையில் நிற்காமல் போகும் பாஸைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். டிஸ்னி 1999-இல் இதைத் தொடங்கியபோது இலவசமாகத்தான் கொடுத்தார்கள். 2021-இல் ஃபுளோரிடாவில் கட்டணமாக்கினார்கள். உங்களுக்கு அதற்குப் பதில் கடிகாரம் இருக்கிறது. திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். கூட்டம் முன்வாசல் பக்கமே நின்று போட்டோ எடுக்கும்; நீங்கள் உள்ளே கடைசி வரை நடந்து, மகன் ஆசைப்பட்ட ரைடில் முதலில் ஏறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் முடிக்கிற ரைடுகளை மதியம் முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. சின்னக் குழந்தையோடு வருகிற பெற்றோரில் ஒருவர் ஏறி இறங்கியதும், மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏற நிறையப் பூங்காக்கள் இடம் கொடுக்கின்றன. இதற்குக் கட்டணம் இல்லை. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் "மாறி மாறி ஏறலாமா" என்று நீங்களாகக் கேட்க வேண்டும். பல இடங்களில் பெரிய பிள்ளை இரண்டு பேருடனும் ஏறலாம். அப்படி இருந்தால் உங்கள் மூத்தவளுக்கு ஒரே வரிசையில் இரண்டு சவாரி.

பொம்மைக் கடை கொஞ்சம் கஷ்டமான இடம். ரைடிலிருந்து வெளியே வரும் வழியே கடைக்குள்தான் போகும், அப்படித்தான் கட்டியிருப்பார்கள். "வேண்டாம், விலை ஜாஸ்தி" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் களைப்பு, பிள்ளைகளுக்கும் முகம் சுருங்கும். என் மகளுக்கு 8 வயது இருந்தபோது முதல் கடையிலேயே ஒன்றைக் கேட்டு நின்றாள். அடுத்த முறை போனபோது, காலையிலேயே அவள் கையில் ஒரு சின்ன பர்ஸில் அவளுக்கென்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டேன். "இது உன் காசு, இதில் எது வேணும்னாலும் வாங்கு, தீர்ந்தா அவ்வளவுதான்" என்றேன். ஒரு கடையில் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தாள், பர்ஸைத் திறந்து எண்ணினாள், பொம்மையைத் திருப்பி வைத்தாள். இன்னொரு கடையில் இன்னொன்றை எடுத்து மூன்று முறை வைத்தாள். சாயங்காலம் ஒரு சாவிக்கொத்து வாங்கினாள், மிச்சக் காசை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உங்கள் மூத்தவளுக்கும் மகனுக்கும் இதைச் செய்யுங்கள். அந்தத் தொகையை மொத்தக் கணக்கில் முதலிலேயே எழுதி வையுங்கள். கடைக்குட்டிக்கு வீட்டிலேயே ஒரு சின்னப் பொம்மையை வாங்கிப் பையில் மறைத்துக் கொண்டுபோனால் போதும்.

கடைசியாக, பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அந்தக் கவலைதான் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் சொல்லாதீர்கள். அவசரக் கணக்கில் பணம் சேரத் தொடங்கி, பயணக் கணக்கில் முதல் தொகை விழுந்த அன்றைக்கு மூத்தவளை உட்கார வைத்து உள்ளதைச் சொல்லுங்கள். "உன் வகுப்பில் போனவர்கள் போய்விட்டார்கள். நாமும் போகப்போகிறோம். இப்போ இல்லை, 40 வாரம் கழித்து. இரண்டு தடவை சேர்த்தோம், ஒரு தடவை தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது, உனக்கு ஞாபகம் இருக்கா?" எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு பெரிய அட்டையில் ராட்டினம் ஒன்றை வரையச் சொல்லுங்கள், அதில் 40 பெட்டி. வாரத் தொகை கணக்கில் விழுகிற ஒவ்வொரு வாரமும் ஒரு பெட்டிக்கு வண்ணம். மூன்று பேரும் முறை வைத்து அடிக்கட்டும். தையல் ஆர்டர் நன்றாக வந்த வாரத்தில் இரண்டு பெட்டி அடிக்க விடுங்கள். ஏதாவது அவசரம் வந்து நின்றுபோனால் அந்த வாரப் பெட்டி காலியாக இருக்கட்டும், பிறகு நிரப்பிக்கொள்ளலாம். முப்பதாவது பெட்டி நிறைந்ததும் பூங்காவின் காலண்டரைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள், கதவு நிலையில் மகனின் உயரத்தை மறுபடி அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்த டிக்கெட் வகை என்று அப்போது சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.